அழிக்க நினைத்த தூண்: ஒரு பயணப் புகைப்படப் போட்டி குறித்த நிகழ்வு ஆய்வு

சர்வதேசப் பயணப் புகைப்படப் போட்டி ஒன்றில், நான்கு படங்கள் கொண்ட தொகுப்புப் பிரிவில் இரண்டாம் இடம். எடுத்தவர் முழுநேரப் புகைப்படக் கலைஞர் இல்லை. கணக்கு எழுதும் வேலையில் இருப்பவர். நான்கும் ஒரே படகுத்துறையில் எடுத்த படங்கள். அதே துறையில், அதே கேமராவில் எடுத்த வேறு படங்களை முந்தைய ஆண்டுகளிலும் இதே போட்டிக்கு அவர் அனுப்பியிருக்கிறார். அவை முதல் சுற்றைக்கூடத் தாண்டவில்லை. கேமரா மாறவில்லை, லென்ஸ் மாறவில்லை, இடம் மாறவில்லை. சொல்லப்போனால், வென்ற நான்கில் இரண்டு படங்கள் வெகுநாளாக அவருடைய ஹார்ட் டிஸ்கில் கவனிப்பாரற்றுக் கிடந்தவை. பிறகு எதுதான் மாறியது?

அவர் என் தோழி. தேர்வு நடந்த நாட்களில் கூடவே இருந்தேன் என்பதால் உள்ளே நடந்ததை எழுத முடிகிறது. தன் பெயர், துறையின் பெயர், போட்டியின் பெயர் மூன்றும் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். அவை இல்லாமலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம்.

போட்டி கேட்டது என்ன

பயணப் புகைப்படப் போட்டிகள் எல்லாம் ஒன்றுபோல இருப்பதில்லை. கட்டணத்தையும் கடைசித் தேதியையும் மட்டும் பார்த்துவிட்டு அனுப்புகிறவர்களுக்கு இது உறைப்பதே இல்லை. சோனி உலகப் புகைப்பட விருதுகளின் திறந்த பிரிவு ஒற்றைப் படத்தை மட்டுமே மதிப்பிடுகிறது. பயணம் அதில் ஒரு வகை. நுழைவுக் கட்டணம் கிடையாது. அதே விருதின் தொழில்முறைப் பிரிவோ ஐந்து முதல் பத்துப் படங்கள் கொண்ட தொடரைக் கேட்கிறது. ஸ்மித்சோனியன் இதழின் ஆண்டுப் போட்டியிலும் பயணத்துக்குத் தனி வகை உண்டு. 2003இல் பிரிட்டனில் தொடங்கிய ‘டிராவல் போட்டோகிராபர் ஆஃப் தி இயர்’ போட்டியில் பொழுதுபோக்காகப் படமெடுப்பவரும் அதையே பிழைப்பாகக் கொண்டவரும் ஒரே களத்தில் நிற்கிறார்கள். இறுதிச் சுற்றில் நடுவர்கள் அச்சிட்ட படங்களைக் கையில் வைத்துப் பார்ப்பது அதன் வழக்கம்.

ஒற்றைப் படத்துக்கும் தொகுப்புக்கும் தேவைப்படும் புத்தி வேறு வேறு. ஒற்றைப் படப் போட்டியில் ஒரு நல்ல நொடி போதும். தொகுப்பில் மதிப்பெண்ணைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நான்கில் பலவீனமான படம்தான். மூன்று அபாரமான படங்களோடு ஒரு சுமாரான படம் போனால், ‘இவருக்கு இந்த மூன்றும் எப்படியோ அமைந்துவிட்டன’ என்ற சந்தேகத்தை அந்த நான்காவது படம் கிளப்பிவிடும்.

என் தோழி கலந்துகொண்ட போட்டி நான்கு படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கக் குறிப்பு, மொத்தத் தொகுப்புக்கும் ஒரு சிறு முன்னுரை என்று கேட்டது. இறுதிச் சுற்றுக்கு வருபவர்கள் கேமராவிலிருந்து வந்த ரா கோப்புகளை, அதாவது திருத்தம் எதுவும் செய்யாத மூலப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும். படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. சென்சார் தூசியை (கேமராவுக்குள் ஒளியைப் பதியும் தகட்டில் படிந்து படத்தில் புள்ளியாக விழுவது) துடைக்கலாம். வெளிச்சம், நிறம், கிராப் (ஓரங்களை வெட்டுவது) ஆகியவற்றை மிதமாகத் திருத்தலாம். எதையும் நீக்கக் கூடாது என்ற விதிதான் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது.

முன்பு ஏன் தேறவில்லை

முதலில் அவர் அனுப்பியவை ஒற்றைப் படங்கள். மஞ்சள் பனிமூட்டத்தில் கறுப்பு நிழலாக ஒரு படகு. அந்திச் சூரியனுக்கு முன்னால் துடுப்பு வலிப்பவர். நீரில் தலைகீழாகத் தெரியும் கரை. ஒன்றிலும் குறை சொல்ல முடியாது, சிக்கலே அங்கேதான் இருந்தது. முதல் சுற்றில் நடுவர் ஆயிரக்கணக்கான படங்களைத் திரையில் வரிசையாகப் பார்க்கிறார். ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சில நொடிகள். அன்று காலையிலிருந்து அவர் எத்தனையோ நிழல் படகுகளைப் பார்த்து முடித்திருப்பார். அடுத்த நிழல் படகு எவ்வளவு அழகாக இருந்தாலும், ‘பார்த்தாயிற்று’ என்றுதான் விரல் நகரும்.

தோல்விக்குப் பிறகு அவர் எல்லோரும் செய்வதைச் செய்தார்: முந்தைய வெற்றியாளர்களின் படங்களை உட்கார்ந்து அலசினார். நேஷனல் ஜியாகிரபிக் பயணப் புகைப்படப் போட்டியில் அடுத்தடுத்து வென்ற மூன்று படங்கள் அவர் மேசையில் இருந்தன. 2017இல் செர்ஜியோ தாபிரோ வெலாஸ்கோ எடுத்த படம்: மெக்சிகோவின் கொலிமா எரிமலை வெடிக்க, சாம்பல் புகைக்குள் மின்னல் பாய்கிறது. 2018இல் ரெய்கோ தகாஹாஷி ஜப்பானின் குமேஜிமா தீவருகே நீருக்கடியில் எடுத்த கூன்முதுகுத் திமிங்கலக் குட்டியின் வால். 2019இல் வெய்மின் சூ எடுத்த, பனியில் மூழ்கிய உபர்நாவிக் என்ற கிரீன்லாந்து மீனவ ஊர்.

இதிலிருந்து என் தோழி எடுத்துக்கொண்ட பாடம் நீல நிறம். மூன்றிலும் குளிர்ந்த நிறங்கள் மேலோங்கி நிற்கின்றன, ஆகவே மஞ்சளை விட்டுவிட வேண்டும் என்றார். இப்படிப்பட்ட பாடங்களைப் படிப்பவர்கள் அதிகம். சென்ற ஆண்டு வென்றது டிரோன் படமென்றால் இந்த ஆண்டு டிரோன் படங்கள் வந்து குவியும். வென்ற படத்தின் மேல்பூச்சு எளிதில் கண்ணில் படும். அது எங்கிருந்து வந்தது என்பது படத்தில் தெரியாது. கொலிமா படத்தைப் பார்த்தவர்கள் ‘மின்னல் விழுந்த நேரம் பார்த்து கேமரா இருந்திருக்கிறது, அதிர்ஷ்டம்’ என்பார்கள். தாபிரோ 2002 முதலே அந்த எரிமலையைப் படமெடுத்து வந்தவர். அவருக்கு அது எப்போது எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியும். அந்த மின்னலுக்கு முன்னால் கேமராவோடு நின்றவர் அதனால்தான் அவராக இருந்தார்.

நீல நிறத்தை விட்டு இதைப் பிடித்துக்கொண்டால், என் தோழியிடமும் ஓர் எரிமலை இருந்தது என்பேன். பல ஆண்டுகளாக வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் போய்வந்த அந்தப் படகுத்துறை. அங்கே அவருக்குப் படகு எந்தப் பக்கம் அணையும், எந்தப் பலகை வழுக்கும், எந்த நேரத்தில் சுமைக்காரர்கள் வருவார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால் அனுப்பிய படங்களில் அந்த அறிவு துளியும் இல்லை. ஒரே ஒரு காலை வந்துபோன யாரும் எடுத்திருக்கக்கூடிய படங்கள் அவை.

தூண்

தொகுப்புப் பிரிவில் முயலலாம் என்று முடிவானதும் அவர் கொண்டுவந்த குவியலில் ஓர் அகலப் படம் இருந்தது. விடியற்காலையின் தட்டையான சாம்பல் வெளிச்சம். படகு கரையை நெருங்குகிறது. தளம் நிறைய ஆட்கள். எல்லோரும் இறங்கத் தயாராக ஒரே பக்கம் சாய்ந்து நிற்கிறார்கள். முனையில் ஒருவர் கயிற்றைச் சுருட்டிப் பிடித்தபடி குதிக்கப் பார்க்கிறார். இடது ஓரத்தில், ஆற்றின் நடுவே, பாதி எழும்பிய கான்கிரீட் தூண் ஒன்று. உச்சியில் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

படத்தைத் திரையில் பெரிதாக்கி, அந்தத் தூண் மட்டும் இல்லையென்றால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அலுத்துக்கொண்டார். இன்றைய மென்பொருளில் ஒரு சொடுக்கில் அது மறைந்துபோகும், மறைத்தும் காட்டினார். தடமே தெரியவில்லை. ஆனால் விதி அனுமதிக்காது. கிராப் செய்து வெட்டினால் கயிற்றுக்காரர் விளிம்போடு ஒட்டிக்கொண்டு, படம் மூச்சு முட்டியது.

விதியை மீறிவிட்டுத் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு முன்னுதாரணங்கள் நல்ல சேதி சொல்லவில்லை. 2010இல் வேர்ல்டு பிரஸ் போட்டோ போட்டியில் ஸ்தெபான் ரூதிக் பெற்ற பரிசு பறிக்கப்பட்டது. அவர் படத்தை வெகுவாக கிராப் செய்திருந்தார், கறுப்பு வெள்ளையாக்கியிருந்தார். அவற்றை நடுவர்கள் பொருட்படுத்தவில்லை. பின்னணியில் இருந்த ஒருவருடைய பாதத்தின் சிறு துண்டு அழிக்கப்பட்டிருந்தது, அதற்காகத்தான் தகுதி நீக்கம். மூலக் கோப்போடு ஒப்பிட்டபோது வெளிப்பட்ட விஷயம் அது. 2015இல் அதே போட்டியில் இறுதிக்கு முந்தைய சுற்றுவரை வந்த படங்களில் ஏறத்தாழ 20 சதவீதம் இப்படிப்பட்ட மூலக் கோப்புச் சோதனையில் வெளியேறின. அது பத்திரிகைப் படப் போட்டி, அங்கே கண்டிப்பு கூடுதல் என்பது உண்மைதான். இருந்தாலும் ரா கோப்பைக் கேட்கும் எந்தப் போட்டியிலும் சோதனையின் முறை ஒன்றுதான்.

அவர் சலிப்போடு அந்தப் படத்தை ஒதுக்கப் போனார். அப்போது நடந்த உரையாடல் இது:

“அது என்ன தூண்?”

“பாலம் வருகிறது. பாலம் முடிந்தால் படகை நிறுத்திவிடுவார்களாம்.”

“இதை ஏன் இவ்வளவு நாளாகச் சொல்லவில்லை?”

“அதை நான் படமெடுக்கவே இல்லையே.”

“எடுத்திருக்கிறீர்கள். இப்போது அழிக்கப் பார்த்தது எதை?”

அதன் பிறகு அவர் பழைய கோப்புகள் அத்தனையையும் மறுபடி திறந்தார். தூண் எங்கெங்கோ இருந்தது. ஒரு ஓரத்தில் பாதியாக, ஒருவர் தோளுக்குப் பின்னால் மங்கலாக, நீரில் பிம்பமாக. பெரும்பாலான படங்களில் கேமரா வலப்பக்கம் சற்றே திரும்பியிருப்பதையும் கவனித்தோம். அவரை அறியாமலேயே தூணை விலக்கி விலக்கிப் படமெடுத்திருக்கிறார். பயணப் புகைப்படம் எடுப்பவர்களிடம் பரவலாகக் காணும் பழக்கம்தான் இது. மின்கம்பி, பிளாஸ்டிக் நாற்காலி, கைபேசி, கட்டுமானம் இவற்றையெல்லாம் ‘இடத்தைக் கெடுப்பவை’ என்று கண் தானாகவே ஒதுக்குகிறது. மிஞ்சுவது எந்தக் காலத்திலும் இருந்திராத ஓர் இடம்.

நான்கு படங்கள், நான்கு வேலைகள்

தூணை உள்ளே விட்டதும் தேர்வின் அளவுகோலே மாறிப்போனது. அதுவரை ‘எது அழகு’ என்று கேட்டுக்கொண்டிருந்தோம். இப்போது, நிற்கப்போகும் ஒரு படகுச் சேவையைப் பற்றி எந்தப் படம் எதைச் சொல்கிறது என்று கேட்க வேண்டியிருந்தது. சிறிய பிரிண்டுகளாகப் போட்டுத் தரையில் பரப்பினோம். திரையில் படங்களைத் தேர்ந்தெடுப்பது எனக்கு எப்போதுமே பிடிப்பதில்லை. திரையில் ஒரு படம் போனால்தான் அடுத்தது வரும். தரையில் அவை ஒன்றோடொன்று சண்டை போடுவதைப் பார்க்கலாம்.

அகலப் படம் முதலாவதாக நின்றது. இடத்தை அது சொல்லிவிடுகிறது, தூணோடு சேர்த்து.

இரண்டாவது நடுத்தூரத்தில் எடுத்தது. கரைக்கும் படகுக்கும் நடுவே போட்டிருக்கும் பலகையில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறார். கேரியரில் சுருட்டிக் கட்டிய மெத்தை. முன்சக்கரம் படகின் விளிம்பில் ஏறிவிட்டது, பின்சக்கரம் பலகையின் நடுவில். பாரத்தில் பலகை வளைந்து, நீர் மட்டத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்கிறது. ஏறுபவரின் முகம் மெத்தைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. ஆனால் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருக்கும் கைமுட்டிகளின் வெளுப்பு தெரிகிறது. பின்னால் காத்திருப்பவர்களின் கால்கள் மட்டும் ஒரு வரிசையாக. முகமே இல்லாத படம் தேறுமா என்று அவர் தயங்கினார். அத்தனை பதற்றத்தையும் பலகையின் வளைவு சுமக்கிறது என்று எனக்குப் பட்டது.

மூன்றாவது நெருக்கப் படம்: டிக்கெட் கொடுப்பவரின் இடது கை. விரல் இடுக்குகளில் டிக்கெட் கட்டுகள், உள்ளங்கையில் சில்லறை. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பெரிய காட்சிகளுக்குப் பிறகு கண்ணுக்கு ஒரு சிறிய பொருள் வேண்டும் என்பதற்காக வைத்தது.

நான்காவது இடத்துக்குத்தான் தகராறு. அவருக்குப் பனிமூட்டப் படகின் மேல் தீராத காதல். அதற்காக விடியுமுன்னே எழுந்த நாட்கள், உறைந்த விரல்கள் எல்லாம் அந்தப் படத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன. பட்ட கஷ்டம் எடுத்தவருக்குத்தான் தெரியும், நடுவருக்குத் தெரியாது. ஒவ்வொரு படத்தையும் கையால் மூடி, ‘இது இல்லாவிட்டால் என்ன குறைகிறது’ என்று பார்த்தோம். பனிமூட்டப் படகை மூடியபோது ஒன்றும் குறையவில்லை. ஆற்றில் படகு ஓடுகிறது என்பதை முதல் படமே சொல்லிவிட்டது.

அந்த இடத்துக்கு வந்தது, அவர் கழித்துப்போட்ட ஒரு படம். படகு புறப்பட்டுவிட்டது, ஒரு பெண் பையோடு ஓடி வந்து பலகையின் முனையில் நின்றுவிட்டார். படகிலிருந்து எடுத்திருப்பதால் அவர் நம்மைப் பார்த்தபடி விலகிப்போகிறார். அவருக்கு வலப்புறம் தூண், இப்போது இன்னும் உயரமாக. முதல் படத்துக்கும் இதற்கும் இடையில் தூண் வளர்ந்திருப்பதை யாரும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. பழைய கோப்புகளில் கிடைத்தவை முதலும் மூன்றும். சைக்கிள்காரரையும் தவறவிட்ட பெண்ணையும் தூண் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு மறுபடி போய் எடுத்துவந்தார். தூணை விலக்காமல் படமெடுக்கப் பழகுவதற்கே ஒரு பருவம் பிடித்தது என்றார்.

குவியலில் இன்னொரு படமும் இருந்தது, நான்கில் ஒன்றாக எளிதில் நுழைந்திருக்கக்கூடியது. படகோட்டியின் முகம், பக்கவாட்டில் விழும் தங்க வெளிச்சம், கண்ணில் ஒரு பொறி. அதை எடுத்த காலையில் ஒரு புகைப்படச் சுற்றுலாக் குழு துறைக்கு வந்திருந்தது. வழிகாட்டி படகோட்டியை வெளிச்சத்துக்கு ஏற்றபடி நிறுத்தி, தலையை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார். என் தோழி அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் நின்று எடுத்த படம் அது. அதே முகம் அதே கோணத்தில் அன்று எத்தனையோ மெமரி கார்டுகளில் போய் உட்கார்ந்திருக்கும். அவற்றில் ஒன்று இதே போட்டிக்கு வந்தால்? ஹம்தான் சர்வதேசப் புகைப்பட விருதின் 2019ஆம் ஆண்டுப் பெரும்பரிசு 1,20,000 டாலர். வியட்நாமில் எடுத்த ஒரு தாயின் படத்துக்கு அது போனது. பல புகைப்படக்காரர்கள் சூழ்ந்து நின்று அதே தாயைப் படமெடுக்கும் காட்சி பின்னர் வெளியாகி, இது ஏற்பாடு செய்த காட்சியா என்று பெரிய சர்ச்சையானது. எடுத்தவர் அதை மறுத்தார். விதி மீறப்பட்டதோ இல்லையோ, படத்தைப் பற்றிய பேச்சு முழுக்க அதிலேயே கரைந்துபோனது. தங்க வெளிச்ச முகம் வெளியே போனது. அதில் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை.

விளக்கக் குறிப்பு

போட்டியாளர்கள் கடைசி இரவில் அவசரமாக எழுதித் தள்ளுவது இதைத்தான். அவருடைய முதல் வரைவில் நான்காவது படத்துக்கு இப்படி இருந்தது:

“காலம் என்னும் நதியில் ஓயாத பயணம். கரையில் காத்திருக்கும் கனவுகள்.”

பனிமூட்டப் படகுக்கான சரியான குறிப்பு இது. எந்தப் பனிமூட்டப் படகுக்கும். இதைப் படிப்பவருக்குப் படத்தில் இல்லாத ஒரு செய்திகூடக் கிடைக்காது. எழுதியவருக்கும் இடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதோ என்ற ஐயம் வேறு எழும். அனுப்பிய வடிவம் இது:

“நாளின் முதல் படகு காலை 5.30க்குப் புறப்படுகிறது. அதைத் தவறவிட்டவர் அடுத்த படகுக்கு 40 நிமிடம் காத்திருக்க வேண்டும். வலப்புறம் எழும் பாலம் திறக்கப்பட்டதும் படகுச் சேவை நிறுத்தப்படும்.”

உபமானம் இல்லை, உணர்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை. அந்தப் பெண்ணின் முகத்தை மறுபடி ஒருமுறை பார்க்கவைக்கும் செய்திகள் மட்டும் இருக்கின்றன. 2019இன் உபர்நாவிக் படத்தோடு வந்த குறிப்பு இதே வேலையைச் செய்கிறது: கிரீன்லாந்தில் கட்டடங்களின் பயனைக் காட்டுவதற்காக முன்பு வெவ்வேறு நிறம் பூசினார்கள், கடைகளுக்குச் சிவப்பு, மீனவர் வீடுகளுக்கு நீலம், பனி மூடிய நிலத்தில் அது அடையாளமாக உதவியது என்று அது சொல்கிறது. அதைப் படித்ததும் வண்ண வீடுகள் அழகுக்காக நிற்பது நின்றுபோய் ஊர் இயங்க ஆரம்பிக்கிறது.

இரண்டு ஆண்டில் பாலம் திறக்கும் என்று துறையில் எல்லோரும் சொன்னார்கள். என் தோழி படகு அலுவலகத்தில் கேட்டபோது யாருக்கும் உறுதியான தேதி தெரியவில்லை. அதனால் ‘இரண்டு ஆண்டு’ குறிப்பிலிருந்து நீங்கியது. கணக்கு எழுதுகிறவரின் குணம் இங்கே கைகொடுத்தது.

கோப்பு, நிறம், தூசி

இந்தப் பகுதி சுவாரசியமில்லாதது. ஆனால் படங்கள் சாகும் இடமும் இதுவே. சாம்பல் வானத்தில் சென்சார் தூசிப் புள்ளிகள் இரண்டு. கைபேசித் திரையில் தெரியாதவை, பிரிண்டில் பளிச்சென்று தெரிந்தன. லென்ஸின் ஒளித்துளையைச் சுருக்கி எடுத்த படங்களில் தூசி இன்னும் கூர்மையாகத் தெரியும் என்பதால் எல்லாவற்றையும் நூறு சதவீத அளவில் ஓரம் ஓரமாகப் பார்க்க வேண்டியிருந்தது. முந்தைய ஆண்டுகளில் அவர் அடோபி ஆர்ஜிபி நிறவெளியில் (கோப்பு எந்த நிறத்தை எப்படிக் குறிக்கும் என்ற அளவுகோல்) கோப்புகளை ஏற்றுமதி செய்திருந்தார். அதைக் கையாளத் தெரியாத திரைகளில் நிறங்கள் வெளிறித் தெரியும். போட்டி கேட்டது எஸ்ஆர்ஜிபி, பெரும்பாலான திரைகளுக்கான பொது நிறவெளி. அவருடைய மஞ்சள் பனிமூட்டம் நடுவர் திரையில் எந்த நிறத்தில் போய்ச் சேர்ந்ததோ!

கேமராவின் கடிகாரம் ஏதோ பழைய பயணத்தின் நேர மண்டலத்திலேயே நின்றுபோயிருந்தது. விளக்கக் குறிப்பு காலை 5.30 என்கிறது, ரா கோப்பின் மெட்டாடேட்டா (கேமரா தானாகப் பதியும் தேதி, நேர விவரங்கள்) வேறு நேரம் காட்டுகிறது. மூலக் கோப்புகளை அனுப்பும்போது இதை ஒரு வரியில் விளக்கிவிட்டார். மெட்டாடேட்டாவைத் திருத்தி அனுப்பியிருந்தால் சந்தேகத்துக்கு நாமே வழிசெய்தது போலாகியிருக்கும்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்தச் சோதனைகள் எந்த நிலைக்கு வந்திருக்கின்றன என்பதற்கு இரண்டு நிகழ்வுகள் போதும். 2023இல் போரிஸ் எல்டாக்சன் சோனி விருதுகளின் திறந்த பிரிவில் படைப்பாக்க வகைப் பரிசைப் பெற்றுவிட்டு, தன் படம் செயற்கை நுண்ணறிவில் உருவானது என்று சொல்லிப் பரிசை மறுத்தார். 2024இல் மைல்ஸ் ஆஸ்ட்ரே அதைத் திருப்பிப் போட்டார்: வேறொரு போட்டியின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவில் உண்மையான பூநாரைப் படத்தை அனுப்பிப் பரிசு வாங்கினார், உண்மை தெரிந்ததும் தகுதி நீக்கம் செய்தார்கள். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது என்பது இரண்டு பக்கமும் நிரூபணமாகிவிட்டது. ரா கோப்பை அழிக்காமல் வைத்திருப்பவருக்கு மட்டுமே இனி வாய் திறக்க முடியும். அந்தப் பெண்ணின் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த தொடர் படங்களையும் அவர் சேர்த்தே அனுப்பினார். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் அனுப்பினார்.

நிபந்தனைகள்

இதே நான்கு படங்களை வேறொரு போட்டிக்கும் அனுப்பலாம் என்று அவர் முதலில் எண்ணியிருந்தார். அதன் நிபந்தனைகளில், பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அனுப்பிய எல்லாப் படங்களையும் எந்த நோக்கத்துக்கும், எந்தக் காலவரையறையும் இன்றி, பணம் தராமல் பயன்படுத்தும் உரிமை அமைப்பாளருக்கு உண்டு என்று ஒரு வரி இருந்தது. வேறு யாருக்கும் உரிமம் வழங்கலாம் என்று அடுத்த வரி. இவை போட்டி என்ற பெயரில் நடக்கும் படக் கொள்முதல். அதுவும் படம் கொடுப்பவரே கட்டணம் கட்டும் கொள்முதல். வென்ற படங்களைப் போட்டியின் விளம்பரத்துக்கும் கண்காட்சிக்கும் பயன்படுத்துவோம் என்று வரம்பு கட்டியிருந்தால் அது நியாயம். அவர் அந்த இரண்டாவது போட்டியை விட்டுவிட்டார்.

முகம் தெரியும் ஆட்களின் சம்மதம் இன்னொரு விஷயம். போட்டி கேட்டது கட்டாயச் சம்மதக் கடிதம் இல்லை. தேவைப்பட்டால் பெற முடிய வேண்டும் என்றுதான். தவறவிட்ட பெண்ணை அடுத்த முறை துறையில் தேடிப் பிடித்துப் படத்தைக் காட்டிச் சம்மதம் வாங்கினார். அவர் மறுத்திருந்தால் நான்காவது படம் இல்லை. மறுக்கும் உரிமை அவருக்கு இருந்தது என்பதை இருவரும் உணர்ந்தே இருந்தோம்.

முடிவும் அதன் பிறகும்

முதல் சுற்று தாண்டியது, ரா கோப்பு கேட்டு மின்னஞ்சல் வந்தது, கொஞ்ச நாளில் பிரிவில் இரண்டாம் இடம் என்ற செய்தி. முதலிடம் பெற்ற தொகுப்பைப் பார்த்தபோது எங்களுக்குள் மறுப்பேதும் எழவில்லை; நான்கு படங்களுக்கு இடையில் அதில் இருந்த நெருக்கம் எங்களுடையதைவிடக் கூடுதல். எங்களுடைய மூன்றாவது படம், டிக்கெட் கை, ஓய்வுக்காக வைத்தது என்பது அந்த ஒப்பீட்டில் நன்றாகவே தெரிந்தது.

நடுவர்களின் சுருக்கமான குறிப்பு வந்தபோது நான் தூணைத் தேடினேன். தூண் என்ற சொல்லே அதில் இல்லை. அவர்கள் பாராட்டியது சைக்கிளையும் வளைந்த பலகையையும். இது என் வாதத்தைக் கொஞ்சம் ஆட்டத்தான் செய்கிறது. நடுவர்கள் தூணைக் கவனித்தே இருக்க மாட்டார்களோ? இருக்கலாம். ஆனால் சைக்கிள் படம் எடுக்கப்பட்டதே தூண் கிளப்பிவிட்ட கேள்வியால்தான். பாலம் வந்தால் இந்தப் பலகை இருக்காது என்று தெரிந்த பிறகே அவர் பலகையைப் பார்க்க ஆரம்பித்தார். அதுவரை அது காலுக்குக் கீழே கிடந்த கட்டை. வேறு நடுவர் குழு, வேறு ஆண்டு என்றால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்பதையும் மறுக்க முடியாது. இதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை.

பரிசுக்குப் பிறகு படங்களைக் கேட்டு வந்த கடிதங்களில் பாதி, இலவசமாகத் தந்தால் ‘பெயர் போடுவோம்’ என்ற ரகம். அவற்றுக்குப் பணிவாக மறுப்பு எழுதினார். ஒரு இதழ் முறையான உரிமத் தொகை கொடுத்து நான்கையும் வாங்கிக்கொண்டது. விளக்கக் குறிப்புகளை மாற்றாமல் போட வேண்டும் என்பது அவர் வைத்த ஒரே நிபந்தனை.

இப்போது அவரிடம் ஓர் எக்செல் தாள் இருக்கிறது. எந்தப் படம் எந்தப் போட்டிக்கு, எந்தத் தலைப்பில், எந்த உரிமை நிபந்தனையில் போனது, ரா கோப்பு எந்த டிஸ்கில் இருக்கிறது என்று ஒரு வரி விடாமல் பதிகிறார். வேறெங்கும் பரிசு பெற்ற படங்களை ஏற்காத போட்டிகள் உண்டு என்பதால் அதற்கெனத் தனிக் கட்டம். ‘அழிக்க நினைத்தவை’ என்று ஒரு கட்டமும் சேர்த்திருக்கிறார். அதில் இதுவரை ஒரு கழிவுநீர்க் குழாய், ஒரு விளம்பரப் பலகை, படத்துக்குள் தற்செயலாக வந்துவிட்ட இன்னொரு புகைப்படக்காரர்.